ஆயிரத்து ஒன்பதாவது ஆள்

வெட்டுப் பிரிவில் அவளை எல்லோரும் ஸ்கேலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். துணியைக் கண்ணால் பார்த்தே இத்தனை அங்குலம் என்று சொல்லிவிடுவாள். டேப் வைத்து அளந்தால் கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது. பதினேழு வருஷமாக அந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வெட்டு மேசைக்கு முன்னால் நின்றவள். நான்கு மாதத்துக்கு முன் ஒரு காலையில், துணி வெட்டும் இயந்திரத்தின் கத்தி அவளுடைய வலது கையிலிருந்து மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுத்துக்கொண்டது. கையில் மாட்டிக்கொள்ளும் கம்பிவலை உறை கிழிந்து போய், ஆறு வாரமாகப் புது உறை கேட்டுக்கொண்டிருந்தாள். உறை வந்து சேர்ந்தது, விரல் போன மறுநாள்.

விபத்து நடந்தது என்று ஆபீஸ் ஒப்புக்கொள்ளவில்லை. வாசலில் விபத்தில்லாத நாட்கள் இத்தனை என்று பெருமையாக ஒரு பலகை வைத்திருந்தார்கள். அந்த எண் இறங்கிவிடக் கூடாதே என்பதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே கவலை. அதனால் வீட்டில் காய் நறுக்கும்போது கை தவறியது என்று எழுதிக்கொண்டார்கள். அவள் ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்தபோது அவள் கணவரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள். வேலையாவது மிஞ்சட்டும் என்று அந்த மனுஷன் போட்டுக் கொடுத்துவிட்டார். இரண்டு விரல் போகிற மாதிரி நம் வீட்டில் அன்றைக்கு என்ன காய் வாங்கினோம் என்று அவள் அவரிடம் ஒரே ஒரு தடவை கேட்டாள். அவர் பஸ் டிப்போவுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

அவள் திரும்பி வந்தபோது கத்தியைக் கொடுக்கவில்லை. மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்டிக்கர் எழுதச் சொன்னார்கள். ஒரு சட்டையின் முன்பக்கம், பின்பக்கம், கை, காலர் எல்லாம் துணியின் ஒரே அடுக்கிலிருந்து வந்தால்தான் நிறம் ஒத்துப் போகும். அதற்காக வெட்டிய துண்டு ஒவ்வொன்றிலும் ஓர் எண் ஒட்டுவார்கள். நாள் முழுக்க எண் எழுதுவதுதான் இப்போது அவள் வேலை.

அந்த நேரம் பார்த்துத் தொழிற்சாலைக்கு இருபத்தைந்து வயது நிறைந்தது. முதலாளிக்கு ஓர் ஆசை வந்தது. தொழிலாளிகள் அத்தனை பேரையும் நீலத் தொப்பி போட்டு மைதானத்தில் வரிசையாக நிறுத்தி, விசில் ஊதியதும் எல்லோரும் தொப்பியைத் தூக்கிப் பிடிக்க, மொட்டை மாடியிலிருந்து ஒரு படம் எடுக்க வேண்டும். அது காலண்டரில் வரும், வரவேற்பறைச் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்கும். படத்துக்கு அடியில் எல்லோருடைய பெயரும், மேலே ‘எங்கள் குடும்பம், ஒருவர் விடாமல்’ என்ற வாசகமும் இருக்கும். வாசகத்தை முதலாளியே எழுதினாராம்.

வரிசை பழக்குவதற்கு ஒரு டிரில் மாஸ்டரைக் கூட்டி வந்தார்கள். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தொப்பி அரை அங்குலம் சாய்ந்தால்கூட அவருக்குச் சோறு இறங்காது. ஆபீஸ்காரர்களைச் சேர்க்காமல் எண்ணிப் பார்த்ததில் ஆயிரத்தெட்டு பேர். அவர் அதை இருபத்தெட்டு இருபத்தெட்டு பேராக முப்பத்தாறு வரிசை நிறுத்தி, ஒவ்வொருவர் காலடியிலும் வெள்ளைப் புள்ளி குத்தினார். எதற்கெடுத்தாலும் ஆயிரத்தெட்டு சாக்குச் சொல்கிற ஆபீஸுக்கு அந்த எண் பொருத்தமாகத்தான் இருந்தது. மூன்று வாரம் எல்லாம் அழகாக நடந்தது. நான்காவது வாரம் ஸ்கேலக்கா வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

வந்த மூன்றாம் நாள், தொழிலாளர் நலனைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லப்படுகிற ஆபீஸர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். இளைஞர், சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது. நாற்காலி போட்டு உட்கார வைத்தபோதே அவளுக்கு விஷயம் நல்லதில்லை என்று புரிந்துவிட்டது.

“தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நீங்க வராதப்ப ஆயிரத்தெட்டு, கச்சிதமா உட்கார்ந்திருச்சு. இப்ப ஆயிரத்தொம்பது. நான் செல்போன்ல பார்த்துட்டேன், அது பகா எண். எதாலயும் வகுபடாது. எப்படி நிறுத்தினாலும் ஓரத்துல ஒரு ஆள் தனியா நிக்கும். நான் என்ன பண்றது, கணக்கு அப்படி.”

படம் எடுக்கிற அன்றைக்கு அவள் வர வேண்டாம், சம்பளத்தோடு லீவு எழுதிவிடுவதாகச் சொன்னார். அவள் யோசித்தாள். இன்னும் மூன்று பேர் சேர்ந்தால் ஆயிரத்துப் பன்னிரண்டு, நாற்பத்தாறு பேராக இருபத்திரண்டு வரிசை நிற்கலாமே, ஆபீஸிலிருந்து மூன்று பேர் வந்து நில்லுங்களேன் என்று கேட்டாள். ஆபீஸர்கள் மாடியில் முதலாளி பக்கத்தில் நாற்காலியில் உட்காருவார்கள், அதுவும் போக, குத்தின புள்ளியை எல்லாம் யார் அழிப்பது என்றார். சரி, ஒருவர் விலகித்தான் ஆக வேண்டும் என்றால் அது ஏன் நான் என்றாள். கடைசியாக வந்தது நீங்கள்தானே என்றார்.

“பதினேழு வருஷமா வந்துக்கிட்டு இருக்கேன் சார்.”

ஆபீஸருடைய பார்வை மேசை மேல் இருந்த அவள் கைக்குப் போய், சட்டென்று ஜன்னலுக்குத் தாவியது. கண்ணாலேயே அளக்கிறவளிடம் கண்ணை ஒளிக்க முடியுமா? படம் எடுப்பதைப் பார்க்க வெளியூர் வியாபாரிகள் வருகிறார்கள். காய் நறுக்கிய கதையை அவர்கள் யாராவது துருவிக் கேட்டுவிட்டால் என்ன செய்வது? அதுதான் விஷயம். கணக்கு பாவம், வாயில்லாத ஜீவன். அதன் தலையில் கட்டிவிட்டார்கள்.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நேராக முகத்தைப் பார்த்து, நீ எங்களுக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டாவது போயிருப்பாள். ஒருவர் விடாமல் என்று எழுதிவிட்டு ஒருத்தியை விடுகிறார்கள். அதற்குக் கணக்கைச் சாட்சிக்கு வேறு இழுக்கிறார்கள். அந்தப் படத்தில் அவள் இல்லை என்றால், அவள் விரல் அந்தத் தொழிற்சாலையில் போகவே இல்லை என்று ஆகிவிடும். இருந்தால்தான் இருந்தாள் என்று ஆகும். எப்பாடு பட்டாவது அந்தப் படத்தில் நிற்பது என்று ஆபீஸ் படி இறங்கும்போதே முடிவு செய்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் தூக்கைத் திறந்துகொண்டிருக்க, அவள் வெட்டு மேசையில் ஒரு பழுப்புக் காகிதத்தை விரித்தாள். ஆபீஸர் பொய் சொல்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டுமே. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒவ்வொன்றாக வகுத்தாள். ஏழில் ஒன்று மிஞ்சியது. பதினொன்றில் எட்டு. பத்தொன்பதில் இரண்டு. முப்பத்தொன்று வரைக்கும் போய் நிறுத்தினாள். முப்பத்திரண்டை முப்பத்திரண்டால் பெருக்கினால் ஆயிரத்தொன்பதைத் தாண்டிப் போய்விடுகிறது, அதற்கு மேல் தேடினால் ஏற்கனவே பார்த்த ஜோடிதான் தலைகீழாக வரும். ஆக ஆபீஸர் சொன்னது உண்மை. அந்த எண் யாருக்கும் வளைந்து கொடுக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், அவளுக்கு அதன்மேல் ஒரு பிரியமே வந்துவிட்டது.

ஆனால் அவள் வெட்டுக்காரி. ஒரு பெரிய துண்டு துணியில் அடங்கவில்லை என்றால் வெட்டுக்காரி துணியைத் தூக்கி எறிய மாட்டாள். துண்டை இரண்டாக்கிப் போட்டுப் பார்ப்பாள். ஒரே கட்டமாக நில் என்று யார் சொன்னது? இரண்டு கட்டமாக நின்றால் என்ன? அதுவும் டிரில் மாஸ்டர் வாயடைத்துப் போகிற மாதிரி, நாலு பக்கமும் சமமான சச்சதுரமாக?

காகிதத்தின் ஓரத்தில் ஒவ்வொரு எண்ணையும் அதே எண்ணால் பெருக்கி எழுதினாள். முப்பத்தொன்றின் சதுரம் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. அதைக் கழித்தால் நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு பேர் சதுரமாக நிற்க முடியாது. முப்பதைப் போட்டால் நூற்றொன்பது மிச்சம், அதுவும் நிற்காது. இருபத்தொன்பதைப் போட்டால் நூற்று அறுபத்தெட்டு, பதிமூன்றின் சதுரத்துக்கு ஒன்று கம்மி. இருபத்தெட்டைப் போட்டாள். எழுநூற்று எண்பத்து நான்கு போக இருநூற்று இருபத்தைந்து.

இருநூற்று இருபத்தைந்து என்பது பதினைந்து பதினைந்து.

பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். பிறகு மிச்ச எண்களையும் போட்டுப் பார்த்தாள். வேறு எதுவும் ஒத்து வரவில்லை, இந்த ஒரு வழிதான். அப்புறம் குறும்பு வந்து, தான் இல்லாத ஆயிரத்தெட்டையும் அதே மாதிரி இரண்டு சதுரமாக்கப் பார்த்தாள். மேலிருந்து கீழ்வரை ஒன்றுகூட உட்காரவில்லை. அத்தனை கம்பீரமான ஆயிரத்தெட்டு, இரண்டு சதுரம் என்றதும் கையை விரித்துவிட்டது.

இன்னொன்றையும் அவள் கவனித்தாள். மைதானத்தில் ஏற்கனவே இருபத்தெட்டு பேர் வரிசை முப்பத்தாறு இருக்கிறது. முதல் இருபத்தெட்டு வரிசை அசையாமல் நின்றாலே பெரிய சதுரம் தயார். கடைசி எட்டு வரிசை மட்டும் நகர்ந்தால் போதும். எட்டு இருபத்தெட்டு இருநூற்று இருபத்து நான்கு. சின்னச் சதுரத்துக்கு ஒரே ஓர் ஆள் குறையும். அந்தக் கடைசி எட்டு வரிசை வேறு யாருமில்லை. வெட்டுப் பிரிவும் பேக்கிங் பிரிவும்தான்.

பேக்கிங் பிரிவில் அவளுடைய நாத்தனார் இருந்தாள், முப்பத்தி நாலாவது வரிசைக்குத் தலைவி. இருவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு தையல் மிஷினை யார் வீட்டில் வைப்பது என்பதில் ஆரம்பித்தது. இப்போது மிஷினே துருப்பிடித்துவிட்டது, கோபம் மட்டும் புதுசாக இருந்தது. ஸ்கேலக்கா வெட்கத்தை விட்டு அவள் எதிரில் போய் நின்று காகிதத்தை நீட்டினாள். நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டு முழுதும் படித்தாள்.

“ஆபீஸ்ல கேட்டா விட மாட்டாங்க அண்ணி.”

“கேட்கப் போறதில்ல. நின்னுட்டு அப்புறம் பார்த்துக்கலாம்.”

“வேலை போச்சுன்னா?”

“ஒரு ஆளை வெளியே அனுப்புவாங்க. இருநூத்தி இருபத்தி நாலு பேரை அனுப்பிட்டு சட்டையை யார் வெட்டுவா, யார் மடிப்பா?”

நாத்தனார் சிரிக்கவில்லை. அண்ணன் கையெழுத்துப் போட்டதுக்கு நான் இன்னும் அவனோட சரியாப் பேசலை, உனக்குத் தெரியாது என்று மட்டும் சொல்லிவிட்டு, காகிதத்தை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டாள்.

எட்டு வரிசைக்கும் விஷயம் வாய்வழியாகப் போனது. எல்லோரும் உடனே தலையாட்டிவிடவில்லை. குழந்தை குட்டிக்காரர்கள் பயந்தார்கள். ஒருவர் எனக்கு எதற்கு ஊர்வம்பு என்றார். வெட்டுப் பிரிவில் இன்னும் இரண்டு பேர் கிழிந்த உறையோடுதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தங்கள் கையைத் தூக்கிக் காட்டியதும் ஊர்வம்புக்காரரும் சரி என்றுவிட்டார். ஸ்கேலக்கா ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்டிக்கர் எழுதினாள்: மேலே வரிசை, கீழே இடம். ஒட்ட வேண்டியது தொப்பியின் உள்பக்கம். தனக்கு என்று பதினைந்தாவது வரிசையில் பதினைந்தாவது இடத்தை வைத்துக்கொண்டாள். கடைசியாக வந்தவள்தானே, மூலையில் நின்றால் போதும். தன்னுடையதையும் சேர்த்து ஸ்டிக்கர் கட்டு முழுவதையும் நாத்தனாரிடம் கொடுத்தாள். பேக்கிங் ஹாலில் ஒரு மத்தியானம் பாதிப் பாதிப் பேராக நின்று பார்த்தார்கள். ஒரு கை நீளம் இடைவெளி விட்டு நிற்பது எப்படி என்று டிரில் மாஸ்டர்தான் மூன்று வாரமாகத் தொண்டை கிழியக் கற்றுக்கொடுத்திருந்தாரே.

வீட்டில் அவள் சொல்லவில்லை. ஆனால் படம் எடுக்கிற அன்று காலை, லீவு என்று சொன்னவள் சீருடை போட்டுக்கொண்டு நீலத் தொப்பியை எடுத்தபோது கணவர் வாசலில் வந்து நின்றார். கை போனது போதாதா, வேலையும் போகணுமா என்று மெதுவாகக் கேட்டார். நீங்க போட்ட கையெழுத்தை அழிக்கத்தான் போறேன் என்றாள். அவர் வழியை விட்டு ஒதுங்கினார்.

தொழிற்சாலை வாசலில் காவலாளி அவளை உள்ளே விடக் கூடாது என்று உத்தரவு இருந்தது. கேட்டுக்கு உள்பக்கம் நின்றால் தப்பில்லை, மைதானத்துக்குப் போனால்தான் தப்பு என்று அவராகவே உத்தரவுக்கு ஒரு விளக்கம் சொல்லி, தன் கூண்டின் நிழலில் நிற்கவிட்டார்.

மைதானத்தில் முப்பத்தாறு வரிசை நின்றது. மாடியில் முதலாளி, வெளியூர் வியாபாரிகள், நாற்காலியில் ஆபீஸர்கள், முக்காலியில் கேமரா. டிரில் மாஸ்டர் விசிலை வாய்க்குக் கொண்டு போனார். அவர் ஊதுவதற்குள் முப்பத்தி நாலாவது வரிசையில் ஒரு தொப்பி உயர்ந்தது. கடைசி எட்டு வரிசையும் ஒன்றாக வலது பக்கம் திரும்பி, கால் மாறாமல் நடந்து, பக்கத்தில் காலியாக இருந்த இடத்துக்குப் போனது. யாரும் ஓடவில்லை, யாரும் பேசவில்லை. தொப்பியைக் கழற்றி எண்ணைப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டு, கையை நீட்டி இடைவெளி எடுத்து நின்றார்கள். டிரில் மாஸ்டர் விசிலை வாயில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று நிமிஷத்தில் ஒரு பெரிய சதுரமும் ஒரு சின்னச் சதுரமும் வெயிலில் நின்றன.

ஸ்கேலக்கா மூலையைப் பார்த்தாள். பதினைந்தாவது வரிசை, பதினைந்தாவது இடத்தில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள்.

காலியிடம் மூலையில் இல்லை. எட்டாவது வரிசை, எட்டாவது இடத்தில் இருந்தது. பதினைந்துக்குத்தான் நடு என்று ஒன்று உண்டு, இருபத்தெட்டுக்குக் கிடையாது. மூலையில் ஓட்டை விழுந்திருந்தால் கேமராக்காரர் ஓரத்தை வெட்டிவிட்டுப் போயிருப்பார். நட்ட நடுவில் விழுந்த ஓட்டையை யார் என்ன செய்ய முடியும்? நாத்தனார் தனக்கு வந்த அந்த நடு இடத்து ஸ்டிக்கரை அண்ணிக்கு வைத்துவிட்டு, அண்ணியுடையதைத் தன் தொப்பியில் ஒட்டிக்கொண்டுவிட்டாள்.

கேமராக்காரர் மேலிருந்து, நடுவில் ஒரு ஆள் இல்லை என்றார். ஆபீஸர் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார். மூன்று வாரமாகக் கலையாத மடிப்பு கலைந்திருந்தது. ஸ்டோர் குமாஸ்தாவுக்கு ஒரு தொப்பியை மாட்டி நடுவில் போய் நிற்கச் சொன்னார். குமாஸ்தா சதுரத்தின் ஓரம் வரைக்கும் போனார். முதல் வரிசை நகரவில்லை. பக்கவாட்டில் போனார், அங்கேயும் வழி இல்லை.

“இது ஆள் இருக்கிற இடம்” என்றாள் மூலையிலிருந்து நாத்தனார்.

குமாஸ்தா தொப்பியைக் கழற்றி ஆபீஸர் கையிலேயே கொடுத்துவிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மாடியில் ஒரு வியாபாரி, யார் வரவில்லை என்று முதலாளியைக் கேட்பது கீழேயே கேட்டது. முதலாளி ஆபீஸரைப் பார்த்தார். ஆபீஸர், அது வந்து சார், ஒரு சின்னக் கணக்குக் குழப்பம் என்று ஆரம்பித்தார்.

டிரில் மாஸ்டர் அதற்குள் இரண்டு சதுரத்தையும் சுற்றி வந்துவிட்டார். பெரியதை எண்ணினார், சின்னதை எண்ணினார். நாற்பது வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு எண் இப்படிக் கச்சிதமாக நின்று அவர் பார்த்ததில்லை. அந்த நடு ஓட்டை அவர் கண்ணை உறுத்திய உறுத்தலில், முதலாளியும் ஆபீஸரும் அவருக்குத் தெரியவே இல்லை.

“கணக்குல ஒரு குழப்பமும் இல்ல சார். ஆயிரத்தொம்பது பேர். அதோ, ஒரு ஆளைக் கேட்ல நிறுத்தி வச்சிருக்காங்க.” சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பி, “எட்டாவது வரிசை, எட்டாவது இடம், ஓடி வா” என்று குரல் கொடுத்தார்.

அவள் ஓடவில்லை. காவலாளி கூண்டின் நிழலிலிருந்து வெயிலுக்கு வந்து, மைதானத்தின் நடுவாக நடந்தே வந்தாள். ஆபீஸர் ஓரமாகக் கூடவே வந்து, குரலைத் தாழ்த்தி, இடது கையால் தொப்பியைத் தூக்கினால் போதும், அந்தக் கை வேண்டாம் என்றார்.

“எந்தக் கையால தூக்கணும் மாஸ்டர்?” என்று அவள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“வலது கை” என்றார் அவர்.

“சரி. உங்க கத்தி அறுத்த கை இதுதான் சார்” என்று ஆபீஸரிடம் சொன்னாள். முதல் வரிசை அவளுக்கு மட்டும் வழி விட்டுவிட்டு மறுபடி சேர்ந்துகொண்டது. அவள் தன் இடத்தில் போய் நின்றாள்.

மாடியில் யாரோ ஏதோ கேட்டார்கள். விசில் ஊதியது. மிஞ்சியிருந்த மூன்று விரலில் தொப்பியைப் பிடித்து அவள் உயர்த்தினாள். கேமராக்காரர் படம் எடுத்தார், இன்னொன்றும் எடுத்தார், போதும் இறக்குங்கள் என்று கையை அசைத்தார். பெரிய சதுரம் இறக்கியது. சின்னச் சதுரத்தில் ஒருவரும் இறக்கவில்லை.